சுவர் எழும்பும் இடத்தில்

பெனிசிலின் பாக்டீரியாவைக் கொல்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எவ்வாறு கொல்கிறது என்பது, 1928இல் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அந்தப் பூஞ்சையின் ஆற்றலைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங்கிற்கே அன்று தெரியாது. டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் ஆகியோர் 1965இல் முன்வைத்த விளக்கமே இன்றளவும் அடிப்படையாக நிற்கிறது.

பாக்டீரியாவின் உள்ளே கரைபொருள்கள் செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் ஓயாமல் உட்புக முயல்கிறது. அந்த அழுத்தத்தை மெல்லிய சவ்வு தாங்காது; பெப்டிடோகிளைகான் என்னும் சுவரே தாங்குகிறது. சுவர் என்பதைவிட வலை என்பது பொருந்தும். இருவகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த இழைகள். அவற்றிலிருந்து நீளும் குறுகிய அமினோ அமிலச் சங்கிலிகள். அச்சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் முடிச்சுகள். முடிச்சிடுவது டிரான்ஸ்பெப்டிடேஸ் என்னும் நொதி. சங்கிலியின் நுனியில் இரண்டு டி-அலனின்கள் அடுத்தடுத்து இருப்பதே அதற்கு அடையாளம். கடைசி அலனினை நீக்கிவிட்டு, எஞ்சியதை அண்டைச் சங்கிலியுடன் அது இணைக்கிறது.

பெனிசிலினின் பீட்டா லாக்டம் வளையம் ஏறத்தாழ அந்த நுனியின் தோற்றத்தையே கொண்டது. நொதி அதனைப் பற்றுகிறது. வளையம் திறந்து நொதியோடு இறுகப் பிணைகிறது. அதன்பின் அந்த நொதியால் முடிச்சிட இயலாது. வளர்வதற்காகப் பழைய சுவரை ஆங்காங்கே வெட்டும் பாக்டீரியாவின் சொந்த நொதிகளோ தம் பணியை நிறுத்துவதில்லை! சுவர் நலிகிறது, நீர் புகுகிறது, உயிரணு வெடிக்கிறது. எனவேதான் வளரும் பாக்டீரியாவையே இம்மருந்து வீழ்த்துகிறது. நம் உயிரணுக்களுக்கு இத்தகைய சுவர் இல்லை; நாம் பிழைப்பது அதனால். வைரசுக்கும் சுவர் இல்லை. சாதாரணச் சளிக்கு இம்மாத்திரையை விழுங்குவது வீண்.

வான்கோமைசின் வேறு வழி செல்கிறது: நொதியை விட்டுவிட்டு, அந்த அலனின் நுனியையே மூடிக்கொள்கிறது. அதற்கும் மாற்று உண்டு. சில பாக்டீரியாக்கள் கடைசி அலனினுக்குப் பதிலாக லாக்டேட்டை வைத்துவிடுகின்றன.

பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை ஆபிரகாமும் செயினும் 1940லேயே, மருந்து மக்களை எட்டுமுன், கண்டறிந்தனர். இவ்வகைப் பீட்டா லாக்டமேஸ் பலவற்றை முடக்கவே அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. ஆனால் 2009இல் பதிவாகி, 2010இல் வெளியான ஆய்வில் சென்னை மாதிரிகளிலும் காணப்பட்ட நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், துத்தநாக அயனிகளின் துணையால் வளையத்தை உடைக்கிறது. கிளாவுலானிக் அமிலத்துக்கு அது கட்டுப்படுவதில்லை.