தலைமையகத்திற்காக நகரங்களின் போட்டி

பெருநிறுவனத் தலைமையகத்தைப் பெற நகரங்கள் போட்டியிடுகையில் பொதுப்பணமே பணயமாகிறது. 50,000 வேலைவாய்ப்புகளுடன் இரண்டாம் தலைமையகம் அமைக்கப்போவதாக அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2017 செப்டம்பரில் அறிவித்தபோது 238 விண்ணப்பங்கள் குவிந்தன. 2018 நவம்பரில் நியூயார்க் நகரமும், வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனும் தேர்வாயின.

நியூயார்க் அளிக்க முன்வந்த சலுகைகளின் மதிப்பு ஏறத்தாழ 300 கோடி டாலராகும். செல்வம் மிக்க நிறுவனத்திற்கு இத்துணைச் சலுகை ஏன் என எதிர்ப்பு எழவே, 2019 பிப்ரவரியில் நிறுவனம் அங்கிருந்து விலகியது.

வர்ஜீனியா மேற்கொண்ட வழி வேறு. வேலை உருவான பின்னரே, முதல் 25,000 வேலைகளுக்குத் தலா 22,000 டாலர் மானியம். அத்துடன் கணினிக் கல்விக்கு முதலீடு. 2023இல் ஆர்லிங்டனில் முதற் கட்டம் திறக்கப்பட்டது. இரண்டாம் கட்டம் தள்ளிவைக்கப்பட்டது. எனினும், உருவாகாத வேலைக்கு மானியம் இல்லை. கல்வியில் இட்ட முதலோ நிறுவனம் வந்தாலும் போனாலும் மக்களிடமே தங்கும்.