கால் மடிந்த கோழிக்கு நாலு கேள்வி

நேற்று சாயங்காலம் வரை வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கீரையைக் கொத்திக்கொண்டிருந்த பெட்டைக்கோழி, காலையில் கூட்டைத் திறந்தால் எழுந்திருக்கவில்லை. கண் தெளிவாக இருக்கிறது. தீனியைக் கண்டால் கழுத்தை நீட்டுகிறது. கால் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. மலேசியாவின் சிலாங்கூரில் புக்கிட் ரோத்தானோ, ஈஜோக்கோ, பெஸ்தாரி ஜெயாவோ, வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் யாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு என்னங்க மருந்து?"

மருந்துக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைப்போம்.

கால் தளர்வது ஒரு நோயின் பெயர் அல்ல. நமக்குக் காய்ச்சல் அடிப்பதைப் போல அது ஓர் அடையாளம். வைரஸ், சத்துக்குறைவு, விஷம், காயம், வழியில் சிக்கிய முட்டை என்று எதுவும் கோழியை உட்கார வைக்கும். எது என்று பிரித்தறிய நாலு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை கோழிக்கு வந்தது? அதன் வயது என்ன? கால் எப்படிக் கிடக்கிறது? இந்த ஒரு மாதமாக அது என்ன தின்றது?

முதலில் எண்ணிக்கை. ஒன்று மட்டும் உட்கார்ந்து மற்றவை ஓடித் திரிந்தால், பதறாமல் அதைத் தூக்கிப் பாதத்தைப் பாருங்கள். செம்பனை மட்டையின் முள் ஏறியிருக்கலாம். நைலான் நூல் விரலைச் சுற்றி இறுகியிருக்கலாம். உள்ளங்காலில் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் அது சீழ்க்கட்டி. உயரமான இடத்திலிருந்து சிமெண்டுத் தரையில் தினமும் குதிக்கும் கனத்த சேவல்களுக்கு இது அடிக்கடி வரும். முட்டையிடும் பெட்டை வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி நின்று முக்கினால் முட்டை சிக்கியிருக்கக்கூடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனையக் கால் மணி நேரம் உட்கார வைத்து, பிறகு இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். பல நேரம் தானே இட்டுவிடும். வெளியிலிருந்து அமுக்கி உள்ளேயே முட்டையை உடைத்துவிட்டால் கோழி பிழைப்பது கடினம்.

ஒரே காலையில் நாலைந்து கோழிகள் விழுந்தால் கதை வேறு. வாயில் எச்சில் ஒழுகி உடம்பு நடுங்கினால் பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். தஞ்சோங் காராங் பக்கம் வயலில் தெளித்ததும் தோட்டத்தில் அடித்ததும் மேயப்போன கோழியின் வயிற்றுக்குள் போய்விடும். காலியான மருந்து டப்பாவை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக வைப்பதும் அதே ஆபத்துதான். முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து என்று தளர்ந்து தலை தரையில் கிடந்தால் அது பொட்டுலிசம் என்ற நச்சுநோயாக இருக்கலாம். அழுகிய எலியிலோ செத்த கோழியிலோ நெளியும் புழுவைத் தின்றதால் வருவது அது. செத்த கோழியை வாய்க்காலில் வீசும் பழக்கம் இருக்கும் வரை இந்த நச்சுக்கும் நம் லயத்தில் இடம் இருக்கும்.

அடுத்து வயதும் காலும். இவை இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொரித்து ஓரிரு வாரமே ஆன குஞ்சு, விரல்கள் உள்ளே சுருண்டு, கணுக்காலை ஊன்றி நகர்ந்தால் பி2 என்ற ரைபோஃபிளேவின் குறைவு. தொடக்கத்திலேயே கவனித்தால் தேறிவிடும். ஒன்றரை மாதம் முதல் ஐந்து மாதம் வரையிலான விடலைக் கோழி, ஒரு காலை முன்னால் நீட்டி மறுகாலைப் பின்னால் நீட்டிக் கிடந்தால் மாரெக் நோயை நினைக்க வேண்டும். 1907-இல் புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் இதை முதலில் விவரித்தார். ஹெர்பெஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று நரம்புகளை வீங்க வைக்கிறது, சில கோழிகளுக்கு ஈரலிலும் மற்ற உறுப்புகளிலும் கட்டிகள் வரும், சிலவற்றின் கருவிழி சாம்பல் பூக்கும். கோழியின் இறகுத் தூசியில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மனிதருக்குத் தொற்றாது.

மாரெக்குக்கு மருந்து கிடையாது. எண்ணெய் தேய்த்தாலும், காலுக்குக் குச்சி வைத்துக் கட்டினாலும் அந்த நரம்பு திரும்பாது. இருக்கிற ஒரே வழி, பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசி. குஞ்சு வாங்கும்போது, "மாரெக் ஊசி போட்டதா?" என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் அடை வைத்துப் பொரித்த குஞ்சுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி நாலாவது கேள்வி, தீனி. இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் தோட்டத்துப் பாட்டன்மாருக்கும் கால் மடிந்த கோழிக்கும் மருத்துவ வரலாற்றில் ஓர் உறவு உண்டு.

1890 வாக்கில், அப்போது பத்தாவியா என்றிருந்த ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், மனிதரின் காலைத் தளர்த்தும் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென்று தள்ளாடின, கால் மடிந்து விழுந்தன. சில மாதம் கழித்து, எந்த மருந்தும் இல்லாமல் நோய் நின்றுவிட்டது. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. இடைப்பட்ட காலத்தில் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளையரிசிச் சோறு போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர மாட்டேன் என்று நிறுத்தியிருக்கிறார். கோழிகள் பிழைத்துக்கொண்டன. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது என்பது அங்கிருந்துதான் மெல்லத் தெளிவாயிற்று. அதைத்தான் இன்று பி1, தயமின் என்கிறோம். ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் மலாயாவில் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கால் வீங்கியும் தளர்ந்தும் செத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், சீனர்கள் உண்பது வெள்ளையரிசி, தமிழர்கள் உண்பது புழுங்கல் அரிசி என்பதைக் கவனித்து, 1907-இல் பெரிபெரி பற்றி ஒரு நூலே எழுதினார். கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதியினருக்குப் புழுங்கலும் மற்றவர்களுக்கு வெள்ளையரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளையரிசிப் பக்கமே நின்றது. 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே உறுதி செய்தார்கள், பிறகு கோழிகளிடமும் சோதித்தார்கள். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் முன்னோரின் கால்களைக் காத்தது அந்த அவியல்தான்.

இது இன்றைய கொல்லைக்கு எப்படிப் பொருந்தும்? சேகிஞ்சான், தஞ்சோங் காராங் வட்டாரம் நெல் விளையும் பூமி, நொய் மலிவாகக் கிடைக்கும். அது தீட்டிய வெள்ளை நொய். மேய்ச்சல் இருக்கும் கோழி புழு, புல், பூச்சி தின்று குறையை ஈடுகட்டிக்கொள்ளும். லயத்திலிருந்து மாடிவீட்டுக்கோ தாமானுக்கோ மாறி, கோழியைக் கம்பிக்கூண்டில் அடைத்து, நொய்யும் மீந்த சோறும் மட்டும் போட்டால் சில வாரங்களில் கால் மடிந்துவிடும். நொய்யோடு புதிய தவிடும் கீரையும் கொடுங்கள். முடிந்தால் பாதியாவது கம்பெனித் தீவனமாக இருக்கட்டும். தவிட்டை மூட்டையாக வாங்கி மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய் நம் வெப்பத்தில் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்தால் அதுவே விஷம்.

முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். ஜெராமிலும் பாசிர் பெனாம்பாங்கிலும் கிடைக்கும் சிப்பி ஓட்டைக் கழுவிக் காயவைத்து, இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்பட்டதைத் தானே கொத்திக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதிலுள்ள சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பி1 குறைவுதானா என்று சந்தேகமிருந்தால், கோழிக்கான பி காம்ப்ளெக்ஸ் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பார்க்கலாம். சத்துக்குறைவு என்றால் ஓரிரு நாளில் மாற்றம் தெரியும். மூன்று நாளாகியும் அசைவில்லை என்றால் காரணம் வேறு. ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்து பி1-ஐப் போலவே நடித்துக் கிருமியை ஏமாற்றிக் கொல்வது. ஆகவே பி1-ஐ அதிகமாகச் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. சீட்டில் எழுதிய அளவுக்கும் நாளுக்கும் மேல் அந்த மருந்தைக் கொடுத்தாலோ கோழிக்கே பி1 குறைந்துவிடும்.

கால் தளர்ச்சியோடு பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை சேர்ந்தால் அது பெரும்பாலும் தமிழகத்தில் வெள்ளைக் கழிச்சல் என்றும் இங்கே சம்பார் ஆயாம் என்றும் சொல்லும் நியூகாசல் நோய். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் கண்டறியப்பட்டது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். மஞ்சளும் சின்ன வெங்காயமும் இந்த வைரஸைத் தடுக்காது.

தடுப்பு மருந்து விஷயத்தில் சிலாங்கூருக்கு ஒரு பெருமை உண்டு. சாதாரணத் தடுப்பு மருந்து வெயில் பட்டால் வீணாகிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்த வி4 என்ற வெப்பம் தாங்கும் வகையை 1980களில் செர்டாங்கிலுள்ள அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில் அப்துல் லத்தீஃப் இப்ராஹிமும் குழுவினரும் தீவனத்தில் பூசிக் கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். குளிர்பெட்டியும் ஊசியும் இல்லாத கிராமத்துக்கென்று யோசித்த வழி அது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அந்த ஆய்வு தொடர்ந்தது.

நம் சிக்கல் வேறு. மருந்துக் குப்பி நூறு, ஆயிரம் கோழிக்கென்று வரும், நம்மிடம் இருப்பதோ பத்து. அக்கம்பக்கத்து நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் எல்லாக் கோழிக்கும் கொடுத்தால் செலவும் குறையும், நோய் சுற்றி வருவதும் நிற்கும். தண்ணீரில் கலக்கும் மருந்தென்றால் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். அதிலுள்ள குளோரின் உயிருள்ள மருந்தைக் கொன்றுவிடும்.

கோழிகள் காரணம் தெரியாமல் கும்பலாகச் செத்தால் இனி அது வீட்டு விஷயம் அல்ல. பறவைக் காய்ச்சல் 2004-இல் கிளந்தானில் தலைகாட்டியது. 2007 ஜூனில் சிலாங்கூரிலேயே, சுங்கை பூலோவின் கம்போங் பாயா ஜாராஸ் ஹிலிரில், நம்மைப் போன்றவர்கள் வளர்த்த கோழிகளிடமே அது கண்டுபிடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். சீக்குக் கோழியை அவசரமாக அறுத்துக் கறியாக்குவதும், முனியாண்டிக்கு நேர்ந்த சேவல் என்று பலியிடுவதும், பாசாரில் தள்ளிவிடுவதும் நோயை நம் வீட்டுக்குள்ளேயே அழைப்பது. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். இன்று காலை உட்கார்ந்துவிட்ட அந்தக் கோழியை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். வழுக்கும் செய்தித்தாளை விரிக்காமல் உலர்ந்த மரத்தூளோ புல்லோ போடுங்கள். தண்ணீரும் தீனியும் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அலகைப் பிளந்து தண்ணீரை ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும், அலகின் நுனியில் சொட்டு வைத்தால் போதும். வேகவைத்த முட்டை மஞ்சள்கரு பிசைந்து கொடுக்கலாம். ஒரே பக்கமாகக் கிடக்க விடாமல் மாற்றிப் போடுங்கள், பின்பக்கம் துடைத்துவிடுங்கள். நமக்கு டாக்டர் கொடுத்து மீந்த ஆன்டிபயாடிக்கை உடைத்துப் போடாதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது, முட்டை வழியாக நம் குழந்தைகளிடம்தான் வந்து சேரும். மற்ற கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே நோயாளியிடம் போய், கையையும் காலணியையும் கழுவிவிட்டு வாருங்கள். புதிதாக வாங்கும் கோழியையும் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

நாலு நாளில் தேறாமல், தின்னாமல், வலியில் கிடக்கும் கோழியை இழுத்துக்கொண்டிருப்பது இரக்கமல்ல. கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதன் துன்பத்தை முடித்து, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மிச்சமிருக்கும் கோழிகளுக்கு இந்த வாரமே தடுப்பு மருந்துக்குப் பக்கத்து வீட்டாரோடு பேசுங்கள், நொய்ச் சட்டியில் ஒரு பிடி தவிடும் சேருங்கள்.