பேராதனையில் பார்த்த வௌவால்கள்

கண்டிக்குப் போய் பேராதனைப் பூங்காவைப் பாராமல் திரும்பிய எம்மவர் அரிது. பாடசாலைச் சுற்றுலாவில் பனைமரச் சாலையிலே வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டு, கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களை அண்ணாந்து பார்த்து, கட்டிக்கொண்டு போன சோற்றை உண்டு வந்ததோடு பலருக்கு அந்தப் பூங்காவின் கதை முடிந்துவிடும்.

1821இல் அமைந்த அப்பூங்காவுக்கு 1895இல் வந்து சேர்ந்த மக்மில்லன், இலண்டன் கியூ தோட்டத்திலே தொழில் பழகியவர். 1848 முதல் உதகமண்டலப் பூங்காவை உருவாக்கிய மக்ஐவரும் கியூவிலிருந்து வந்தவரே. ஏட்டுப் படிப்போடு நில்லாமல், இன்னொரு நாட்டுத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துப் பழகுவது இத்தொழிலின் பழைய வழக்கம். அன்று அத்தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலை, சிங்கோனா, இறப்பர் என்று தோட்டத் துரைமாரின் வருவாய்க்கே உழைத்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று அழியும் தாவரங்களைக் காப்பதும், அதைப் பொதுமக்களுக்குக் கற்பிப்பதுமே முதல் வேலையாகிவிட்டன.

அவ்வகையில் நாம் குடியேறிய நாடு நல்லதொரு பள்ளிக்கூடம். சிட்னி தாவரவியல் பூங்கா 1816லும் மெல்பேண் பூங்கா 1846லும் தோன்றியவை. பயிற்சிக்கு வருபவர் முதலிற் பழகுவது பூக்களையல்ல, பதிவேட்டை. ஒவ்வொரு செடிக்கும் ஓர் இலக்கம். விதை எங்கே, எந்நாளிற் சேகரிக்கப்பட்டது என்ற குறிப்பு. குறிப்பில்லாத செடி அழகுக்கு உதவுமேயன்றி ஆராய்ச்சிக்கு உதவாது. அடுத்தது சப்பாத்தைக் கழுவுதல். வேரழுகல் நோய் சப்பாத்து மண்ணோடு பயணம் செய்யும். 1994இல் சிட்னிக்கு மேற்கே கண்டுபிடிக்கப்பட்ட வொலமை மரங்கள் காட்டில் நூற்றுக்கும் குறைவாகவே முதிர்ந்து நிற்கின்றன. அவை நிற்கும் இடம் இரகசியமாக வைக்கப்பட்டிருப்பதற்கு இந்நோய்ப் பயமும் ஒரு காரணம்.

ஆயினும் பூங்கா நிருவாகத்தின் கடினமான பாடத்தை வௌவால்களே கற்பித்தன. சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கியதால் மெல்பேணிற் பன்னங்கள் நிறைந்த பள்ளத்தாக்கும், சிட்னியிற் பழைய பனைத்தோப்பும் சேதமடைந்தன. மரமோ நூறாண்டுச் செல்வம். வௌவாலோ அழியும் அபாயமுள்ள இனமெனச் சட்டம் காப்பது. இரவிலே நெடுந்தூரம் பறந்து யூக்கலிப்டஸ் மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும் அதுவே. கொன்றுவிட முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. 2003இல் மெல்பேணிலும், வழக்கு விசாரணையெல்லாம் கடந்து 2012இல் சிட்னியிலும், இரைச்சல் எழுப்பி அவற்றை இடம்பெயரச் செய்தார்கள். மெல்பேண் வௌவால்கள் யாரா நதியோரத்துக் காட்டுப்பகுதியிற் குடியேறின. அந்திவேளையில் அவை கூட்டமாகக் கிளம்புவதைக் காண இன்று மக்கள் அங்கே போகிறார்கள்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. அங்கே மௌனம், இங்கே இரைச்சல்! எது எப்போது பொருந்தும் என்று அறிவதற்கு உயிரினத்தையும் ஊராரையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். ஏன் விரட்டினோம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கச் சொல்லத் தெரியாதவர் இவ்வேலைக்கு அரைகுறையே.

இனி எம் வீடுகளுக்கு வருவோம். மகனோ மகளோ தோட்டக்கலை படிக்கப் போகிறேன் என்றால், "இதற்காகவா கப்பலேறி வந்தோம்?" என்று கேட்காத பெற்றோர் எத்தனை பேர்? மெல்பேண் பேர்ன்லியில் 1891 முதல் தோட்டக்கலை கற்பிக்கப்படுகிறது. இன்று அது பல்கலைக்கழகப் படிப்பு. கொல்லையிற் கறிவேப்பிலைக் கன்றைக் குளிருக்குச் சாக்குப் போர்த்திக் காப்பாற்றும் அப்பம்மாவுக்கு இருக்கும் மதிப்பை, அதையே தொழிலாக்க விரும்பும் பேரப்பிள்ளைக்கு மறுப்பது விந்தையே.

மெல்பேண் பூங்காவினுள் 2004இல் திறக்கப்பட்ட சிறுவர் தோட்டத்தில் பிள்ளைகள் மண்ணைத் தொட்டே கற்கலாம். குளிர்காலத்திற் சில வாரங்கள் செடிகள் இளைப்பாறுவதற்காக அது மூடப்படும். அழைத்துச் செல்லுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.