பகலில் கோப்பு, இரவில் கதை!

கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கினேன். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. எல்லோரும் கலைந்த பிறகும் ஓர் இளைஞன் மட்டும் விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தான். கையிலே ஒரு நோட்டுப் புத்தகம். அதன் அட்டையிலே எண்ணெய்க் கறை. லேத் பட்டறைத் தொழிலாளி.

"அண்ணே! நான் கதை எழுதுகிறேன். மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பினேன்; மூன்றும் திரும்பி வந்துவிட்டன. வேலையை விட்டுவிட்டு முழு மூச்சாக எழுதினால் எழுத்தாளனாகிவிடலாமா?" என்று கேட்டான்.

வீட்டிலே யார் யார் என்றேன். தாயும், பள்ளிக்குச் செல்லும் தங்கையும் என்றான். அவன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது! 'விடு' என்றால் அடுப்பு அணையும். 'எழுதாதே' என்றால் அவன் உள்ளம் அணையும்! என்ன பதில் சொல்ல? ஒருவருடைய வரலாற்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், தோழர்களே!

பிராக் நகரிலே, 1883-ஆம் ஆண்டு, ஒரு கடைக்காரர் வீட்டில் பிறந்தவர் பிரான்ஸ் காஃப்கா. இன்று உலகம் போற்றும் எழுத்தாளர். ஆனால் எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை! சட்டம் படித்து 1906-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1907-இல் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வெளியே வரலாம். எழுத நேரம் ஏது? எழுத உடலிலே தெம்பு ஏது? ஓராண்டுகூடத் தாங்கவில்லை, வெளியேறினார்!

வெளியேறி எங்கே போனார்? எழுத்தே கதி என்று வீட்டில் உட்கார்ந்தாரா? இல்லை! 1908-இல் பொஹீமியத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு மணி வரைதான் வேலை. 1922 வரை, பதினான்கு ஆண்டுகள் அதே நிறுவனம்!

நாற்காலியைத் தேய்த்துவிட்டு வந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். மரம் இழைக்கும் இயந்திரத்தில் அந்நாளில் கத்திகளைச் சதுரத் தண்டிலே பொருத்துவார்கள். தண்டுக்கும் மேசைக்கும் நடுவே பெரிய இடைவெளி. மரம் துள்ளினால், கை வழுக்கினால், விரல்கள் உள்ளே! வட்டத் தண்டு பொருத்துங்கள், இடைவெளி குறையும், தொழிலாளியின் விரல் பிழைக்கும் என்று படங்களோடு விளக்கி எழுதினார் காஃப்கா. நிறுவனத்தின் 1909-ஆம் ஆண்டு அறிக்கையில் அது வெளிவந்தது. ஊனமுற்றுப்போன தொழிலாளர்கள் ஆத்திரப்படாமல், அடங்கி ஒடுங்கி வந்து கெஞ்சுகிறார்களே என்று அவர் வியந்து நொந்ததை, நண்பர் மாக்ஸ் பிராட் பதிவு செய்திருக்கிறார்.

பிற்பகலில் உணவு, உறக்கம், மாலையில் உலாவல், வீடு அடங்கிய பிறகு, இரவு பத்தரை மணிக்கு மேசை! 1912 செப்டம்பர் 22 அன்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தார். 'தீர்ப்பு' என்ற கதை முடிந்திருந்தது. ஆபீசுக்கு? லேசான மயக்கம், காய்ச்சல் என்று மேலதிகாரிக்குச் சீட்டு அனுப்பினார்! சிரிக்கிறீர்கள், அப்படியொரு சீட்டு எழுதாதவர் நம்மிலே யார்?

அவ்வாண்டின் இறுதியில் முதல் புத்தகம் வந்தது. எத்தனை பிரதிகள்? எண்ணூறே! அந்த நாட்களில் எழுதிய 'உருமாற்றம்' அச்சேற 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையின் நாயகன் அரசனா, அறிஞனா? ஊர் ஊராய் அலையும் விற்பனையாளன்! ஒரு காலை பூச்சியாகிக் கிடக்கிறான். அப்போதும் அவன் கவலை, ரயில் போய்விட்டதே, ஆபீசில் என்ன சொல்வார்களோ என்பதுதான். வேலைக்கே போகாதவனுக்கு இது தோன்றுமா?

காஃப்கா மகிழ்ந்து வேலை செய்தார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். வேலையைச் சபித்தார். அலுவலகப் பயணம் குறுக்கிட்டதால் 'உருமாற்றத்தின்' முடிவு கெட்டது என்று வருந்தினார். 1917-இல் காசநோய் கண்டது. 1924 ஜூன் 3-ஆம் நாள், நாற்பது வயதில் மறைந்தார். மரணப் படுக்கையிலும் அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்! மற்றக் கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்திவிடு என்று பிராட்டுக்கு எழுதிவைத்தார். பிராட் கொளுத்தவில்லை. அவரும் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்தான்! 1925-இல் 'விசாரணை', 1926-இல் 'கோட்டை' வெளிவந்தன. 'விசாரணை' இன்று தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது.

இதிலே நாம் காண வேண்டியது என்ன? ஆறு மணிக்கு விட்ட வேலை அவர் எழுத்தை நெரித்தது. இரண்டு மணிக்கு விட்ட வேலை அதை வாழவிட்டது! நடுவிலே இருப்பது நான்கே மணி நேரம், தோழர்களே! எட்டு மணி நேர வேலை என்று உலகத் தொழிலாளர் கேட்டது உறங்குவதற்கு மட்டுமல்ல. படிக்க, பாட, எழுதவும்தான். ஓவர்டைம் என்று பன்னிரண்டு மணி நேரம் உறிஞ்சும் பட்டறையிலே, உழைப்பு மட்டுமா போகிறது? எழுதப்படாத கதைகளும் போகின்றன!

ஆகவே, தம்பி, வேலையை விடாதே. வேலை நேரத்திற்காகச் சங்கத்திலே வாதாடு. கிடைக்கும் ஒரு மணி நேரத்தைச் சீட்டாட்டத்திற்குக் கொடுக்காதே. எழுதியதைப் படித்து, குறை சொல்லும் நண்பன் ஒருவனைத் தேடு.

அவன் நோட்டுப் புத்தகத்தை வாங்கி வந்து, அன்றிரவே படித்தேன். பல பக்கங்கள் பிறர் எழுத்தின் எதிரொலி. ஓரிடத்தில் மட்டும், லேத்திலிருந்து நீலமாகச் சுருண்டு விழும் இரும்புச் சீவலைத் தன் தங்கையின் தலைமுடியோடு ஒப்பிட்டிருந்தான். பட்டறையில் நில்லாதவன் எழுத முடியாத வரி அது! அதை அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

நான்காவது பத்திரிகைக்கு அனுப்பு, தம்பி!