பாக்டீரியாவின் சுவரும் சவ்வும் ஏன் பிரிந்து போவதில்லை?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

யூரினரி இன்ஃபெக்‌ஷன் வந்து லேப் ரிப்போர்ட் வாங்கினவங்களுக்கு ஈ. கோலை என்ற பேர் பழக்கமா இருக்கும். அந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த பாக்டீரியாதான். இதன் நீளம் சுமார் 2 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள்ள 500 ஈ. கோலை வரிசையா நிற்கலாம்.

இவ்வளவு சின்ன உடம்புக்குள்ள உப்பு, சர்க்கரை, புரதம் எல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு. அதனால வெளியில இருக்கற தண்ணி உள்ளே புகுந்துக்கிட்டே இருக்கும். உலர்ந்த திராட்சை தண்ணியில ஊறி உப்புது இல்லையா, அதே கதைதான். தாங்கிப் பிடிக்க ஏதாவது இல்லேன்னா செல் வெடிச்சிடும்.

ஈ. கோலைக்கு மூணு அடுக்குப் பாதுகாப்பு. உள்ளே ஒரு சவ்வு. அதைச் சுத்தி பெப்டிடோகிளைக்கான் என்ற சுவர். சுவர்னு சொன்னாலும் இது ஒரு வலைதான்: சர்க்கரை இழைகள், அவற்றை இணைக்கும் பெப்டைடு முடிச்சுகள். பெனிசிலின் இந்த முடிச்சுகளைப் போட விடாமத்தான் பாக்டீரியாவைக் கொல்லுது. மூணாவது, வெளிச்சவ்வு. வான்கோமைசின் மாதிரி பெரிய மருந்து மூலக்கூறுகள் உள்ளே போகாம தடுக்கறது இதுதான்.

இப்போ கேள்வி. கொழுப்பாலான வெளிச்சவ்வு ஏன் சுவரை விட்டுக் கழண்டு போகலை?

பதில் 1969-ல கிடைச்சது. ஃபோல்க்மார் பிரௌன், குர்ட் ரேன் இருவரும் சுவரோடு ஒட்டியிருந்த ஒரு குட்டிப் புரதத்தைக் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு அதன் பேர் பிரௌன் லிப்போபுரோட்டீன். வெறும் 58 அமினோ அமிலங்கள். ஒரு முனையில மூணு கொழுப்பு அமிலங்கள். அவை வெளிச்சவ்வுக்குள்ள நங்கூரம் மாதிரி பதிஞ்சிருக்கும். மறுமுனை சுவரோடு வேதிப்பிணைப்பால இணையும். அதாவது சும்மா ஒட்டி வைக்கலை, தைச்சு வச்சிருக்கு! மூணு மூணா முறுக்கிக்கிட்டு கயிறு மாதிரி நிற்கும். ஒரே செல்லில் பல லட்சம் பிரதிகள் இருக்கு. அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சுவரோடு தைக்கப்பட்டது.

இந்தப் புரதத்தை நீக்கிட்டா என்ன ஆகும்? செல் செத்துடாது. ஆனா வெளிச்சவ்வு அங்கங்கே கொப்புளம் மாதிரி புடைச்சு, பிய்ஞ்சு போகும். சவ்வுக்கு உள்ளே இருக்க வேண்டிய நொதிகள் கசியும். டிடர்ஜென்ட்டைத் தாங்கும் சக்தியும் குறையும்.

இதைவிட சுவாரசியமான சோதனை 2017-ல வெளியானது. புரதத்தை நீக்கலை, 21 அமினோ அமிலங்கள் சேர்த்து நீளமாக்கினாங்க. உடனே ரெண்டு சவ்வுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அகலமாச்சு. வெளிச்சவ்வுல சேதம்னா உள்சவ்வுக்குத் தகவல் சொல்ற ஒரு புரதம் இருக்கு, பேர் ஆர்சிஎஸ்எஃப். அதுக்கு இப்போ உள்சவ்வு எட்டலை! ஆபத்து வந்தும் சேதி போகலை. ஆர்சிஎஸ்எஃப்-ஐயும் நீளமாக்கின பிறகு தகவல் மறுபடி போக ஆரம்பிச்சது.

ஆக, இந்தப் புரதம் தையல் மட்டுமில்ல, அளவுகோலும்தான். எவ்வளவு தூரத்துல பிடிச்சு வைக்கணும்னு முடிவு பண்றதும் இதுவே.

நமக்கு இது ஏன் முக்கியம்? ஈ. கோலை அடங்கிய குடும்பத்தில், கார்பபெனெம் மருந்துக்கே அடங்காத வகைகளை உலக சுகாதார நிறுவனம் மிக அவசர ஆபத்துப் பட்டியலில் வச்சிருக்கு. பல மருந்துகள் அந்த வெளிச்சவ்வைத் தாண்ட முடியாமலேயே தோத்துப் போகுது. கோட்டையை உடைக்கணும்னா, அதை எது பிடிச்சு வச்சிருக்குன்னு முதல்ல தெரியணும், இல்லையா?