கையுறை போடலாமா, வேண்டாமா?

போன மாதம் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். படிப்பை முடித்து வேலைக்குப் போகிற பெண். "பிறந்த நாளுக்கு என்னம்மா வேணும்? மைசூர் சில்க் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"புடவையெல்லாம் வேண்டாம் அத்தை. ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக் கொடுங்க. ரேஸ் டிராக்கிலே கார் ஓட்டும்போது போட்டுக்கிறது" என்றாள்.

என் அண்ணி காப்பி டம்ளரை 'டக்'கென்று கீழே வைத்தாள். "ஓட்டுறதே வேண்டாம்னு நான் கத்திக்கிட்டிருக்கேன். இதிலே கிளவுஸ் வேறயா!"

அண்ணன் தன் பங்குக்கு, "அதெல்லாம் சும்மா ஸ்டைல். நம்ம ஊர் வெயிலுக்குக் கையிலே உறை மாட்டினா வியர்த்துக் கொட்டும். ஸ்டியரிங் பிடியே தெரியாது" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கை வெந்தால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும். பல வருஷங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு முதல் நாள் கொதிக்கிற எண்ணெய் என் வலது புறங்கையில் கொட்டிவிட்டது. ஒரு மாதம் என்னால் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. சோறு பிசைய முடியவில்லை. புறங்கைத் தோல் மிக மெல்லியது. அதற்கு அடியிலேயே விரல்களை அசைக்கும் தசைநார்கள் ஓடுகின்றன. அங்கே ஆழமாக வெந்தால், ஆறிய பிறகும் தோல் இழுத்துக்கொண்டு விரல் மடங்காமல் போகலாம். ஆகவே இந்தக் கேள்வியை 'ஸ்டைல்' என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. விசாரித்தேன், படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களிடமும் சொல்கிறேன்.

ஒரு பெண்மணி சொன்ன யோசனை

கையுறை பற்றி முதலில் அக்கறையாக எழுதியவர்களில் ஒருவர் ஒரு பெண்தான்! இங்கிலாந்தைச் சேர்ந்த டோரதி லெவிட், 1906-லேயே பிளாக்பூலில் மணிக்கு 90 மைலுக்கு மேல் கார் ஓட்டிக் காட்டியவர். பெண்களுக்காக 1909-ல் அவர் எழுதிய புத்தகத்தில், கம்பளி உறை வேண்டாம், ஸ்டியரிங்கில் வழுக்கும், நல்ல தோல் உறையே போடுங்கள் என்கிறார். இருக்கைக்கு அடியில் இருக்கும் சின்ன இழுப்பறையில் உறையையும் ஒரு கைக்கண்ணாடியையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கண்ணாடி எதற்கு? முகம் பார்க்க மட்டுமல்ல, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கவும்தான்!

அந்தக் காலத்தில் உறை பிடிப்புக்காக. மர ஸ்டியரிங் கை வியர்வையில் வழுக்கும். அதனால் உள்ளங்கைப் பக்கம் தோலும், காற்றோட்டத்துக்காகப் புறங்கைப் பக்கம் குரோஷா பின்னலும் வைத்துத் தைத்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் தீயை அது தாங்காது.

28 விநாடிகள்

2020 நவம்பர் 29. பஹ்ரைன் நாட்டில் ஃபார்முலா ஒன் பந்தயம். முதல் சுற்றிலேயே ரொமான் குரோஜானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. சுமார் 28 விநாடி அவர் நெருப்புக்குள் இருந்தார். பிறகு தாமே ஏறி வெளியே வந்தார். தலைக்கவசமும், தலைக்கு மேல் வளைந்திருந்த 'ஹேலோ' என்ற உலோகச் சட்டமும், தீ தாங்கும் உடையும் உயிரைக் காத்தன. காயம் பெரும்பாலும் இரண்டு புறங்கைகளில்தான். எரிகிற வண்டியின் விளிம்பைப் பிடித்து ஏறி வர வேண்டியிருந்தது அந்தக் கைகள்தானே! உறை போட்டிருந்தும் வெந்தது. ஆனால் கை மிஞ்சியது. மறு வருஷமே அமெரிக்காவில் மீண்டும் பந்தயத்தில் ஓட்டினார்.

உறை கையைத் தீயே படாமல் காப்பதில்லை. வெளியே வருவதற்குச் சில விநாடி அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தில்தான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். வெறுங்கை முதலிலேயே வெந்துபோனால் இதையெல்லாம் செய்வது யார்?

இந்த உறைகளை நோமெக்ஸ் என்ற இழையில் நெய்கிறார்கள். நைலான் மாதிரி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளாது. கருகும், நெருப்பை அகற்றினால் தானே அணைந்துவிடும். 2018 முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களின் உறைக்குள் நாடித்துடிப்பையும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் மருத்துவருக்குத் தெரிவிக்கும் ஒரு குட்டிக் கருவியைக்கூட வைத்துத் தைக்கிறார்கள்!

அண்ணன் சொன்னதும் பொய்யில்லை

பெரிய பந்தயங்களில் தீ தாங்கும் உறை விதிப்படியே கட்டாயம். நம் இருங்காட்டுக்கோட்டை போன்ற தடங்களில் சொந்தக் காரைப் பொழுதுபோக்காக ஓட்டிப் பார்க்கிறவர்களின் விஷயம் வேறு. பொதுவாக ஹெல்மெட்தான் கட்டாயம். உறை அவரவர் விருப்பம். சாதாரணக் காரில் தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு. தடித்த உறை போட்டால் ஸ்டியரிங் சொல்கிற சேதி விரலுக்கு எட்டாது. பொருந்தாத உறை, உறையே இல்லாததைவிட மோசம். மோதும்போது ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பிக் கட்டைவிரலை முறிப்பதையும் உறை தடுக்காது.

ஆனால் 'கோ-கார்ட்' ஓட்டுகிறவர்களுக்கு உறை நிச்சயம் வேண்டும். அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது; அதிர்வு அதிகம். பத்துச் சுற்றில் உள்ளங்கை கொப்புளம் கண்டுவிடும். என் மருமகளுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று, அம்மாவிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாள்!

வாங்கும்போது கவனியுங்கள்

- கார்ட் உறை உராய்வுக்கு மட்டும்; தீ தாங்காது. காருக்கு வாங்கினால் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் 8856 என்ற எண் தைத்த உறையாகப் பார்த்து வாங்குங்கள்.
- தையல் வெளிப்பக்கம் இருந்தால் விரல் நுனி உறுத்தாது. சட்டைக் கை முனையை உறை மூட வேண்டும். ரொம்ப இறுக்கமும் கூடாது. உள்ளே இருக்கும் காற்றும் ஒரு காப்புதான்.
- மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.
- ஈரத் துணியால் சூடான பாத்திரத்தைப் பிடித்தால் சட்டென்று சுடுமே, அதே கதைதான் வியர்வையில் நனைந்த உறைக்கும். ஒரு மாற்று ஜோடி இருக்கட்டும்.
- துவைக்கும் முறை உறையிலேயே குறித்திருக்கும். பிளீச்சிங், துணி மிருதுவாக்கும் திரவம் இரண்டும் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், ஆயில் பட்ட உறையைப் போடவே கூடாது.

உறைக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்ட்டில் ஏறும் பெண்கள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, கூந்தலை முழுக்க முடிந்து ஹெல்மெட்டுக்குள்ளும் சட்டைக்குள்ளும் செருகிவிட வேண்டும். பின்னால் சுழலும் அச்சில் கூந்தல் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கை வெந்துவிட்டால்

தடத்திலானாலும் சரி, அடுப்படியிலானாலும் சரி, வைத்தியம் ஒன்றுதான். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் கையைக் காட்டுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ், பற்பசை, பேனா மை, வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கையிலும் முகத்திலும் பட்ட தீக்காயத்தை, சின்னதுதானே என்று விட்டுவிடக் கூடாது.

இதையெல்லாம் அண்ணியிடம் விவரமாகச் சொன்னேன். பதிலே பேசவில்லை. உறையை வாங்கி வந்து கொடுத்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மருமகள் கிளம்பும்போது நானும் அங்கே இருந்தேன். அண்ணி அவளை வாசலில் நிறுத்தி, பின்னலை இறுக்கி முடிந்து ஹேர்பின் குத்தினாள். அப்புறம் உள்ளங்கையை நீட்டினாள்.

"மோதிரத்தைக் கழட்டுடி. சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."