குளிரைக் கேட்கும் பியோனி

பியோனி குளிர்நாட்டுத் தோட்டங்களின் பூ. அதில் மர வகையும் உண்டு, செடி வகையும் உண்டு. செடி வகையின் தண்டும் இலையும் குளிர்காலம் நெருங்கும்போது தரைமட்டம் வரை காய்ந்து மடிந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் பருத்த வேர்தான் பனிக்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் செந்நிற முளைகளை விடுகிறது. தோட்ட ரகங்களில் பெரும்பாலானவை பியோனியா லாக்டிஃப்ளோரா என்ற இனத்தின் வழி வந்தவை. இதன் தாயகம் சைபீரியா, மங்கோலியா, வட சீனா. சீனாவில் பூவுக்காகவும் வேரிலிருந்து கிடைக்கும் மருந்துக்காகவும் இது பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்படுகிறது. ஐரோப்பாவுக்கு வந்தபின், பிரெஞ்சுத் தோட்டக்கலைஞர்கள் இதிலிருந்து எண்ணற்ற ரகங்களை உருவாக்கினார்கள். 1851இல் வந்த வெண்ணிற 'ஃபெஸ்டிவா மாக்ஸிமா'வும், நடிகையின் பெயர் தாங்கி 1906இல் வந்த இளஞ்சிவப்பு 'சாரா பெர்னார்ட்'டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

மைனஸ் 30 டிகிரி செல்சியஸையும் இந்த வேர் தாங்கும். தாங்குவது மட்டுமல்ல, அதற்குக் குளிர் தேவை. வெப்பநிலை சுமார் 5 டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் நீடித்தால்தான் உறக்கத்திலிருக்கும் முளைகள் அடுத்த பருவத்தில் ஒழுங்காகப் பூக்கும். தமிழகத்தின் சமவெளியில் இதை வளர்க்க முடியாததற்கு இதுவே காரணம். எத்தனை உரமிட்டாலும் அந்தக் குளிருக்கு ஈடாகாது.

நடுவதற்கு ஏற்ற காலம் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள். நாளில் 6 மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் வேர் அழுகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது நடும் ஆழம். வேரின் தலைப்பகுதியில் இருக்கும் முளைக்கண்கள் மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கும் ஆழமாகப் புதைத்தால் இலை தழைக்கும், பூ வராது. பல ஆண்டுகளாகப் பூக்காத செடியைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இதே காரணத்தால் மேலே மூடாக்கைக் கனமாகக் குவிப்பதும் தவறு.

முதல் ஆண்டில் ஓரிரு பூ வந்தாலே அதிகம். மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் செடி தன் முழு வடிவத்துக்கு வரும். விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்கே நான்கைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். ரகமும் தாயைப் போல இருக்காது. ஆகவே இலையுதிர்காலத்தில் வேரைத் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் 3 முதல் 5 கண்கள் இருக்கும்படி வெட்டி நடுவதே வழக்கம். நிலைபெற்ற செடியை அடிக்கடி தோண்டக் கூடாது. நல்ல இடத்தில் தொந்தரவு செய்யாமல் விட்ட பியோனி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் பூக்கும். நட்டவர் காலத்துக்குப் பிறகும் பூக்கும் செடி தோட்டத்தில் வேறு எத்தனை இருக்கிறது?

அடுக்கிதழ்ப் பூக்கள் மழையில் நனைந்தால் பாரம் தாங்காமல் தண்டு சாயும். செடி உயரும் முன்பே கம்பி வளையத்தால் முட்டுக்கொடுத்துவிடுவது நல்லது. மொட்டுகளில் மொய்க்கும் எறும்புகள் அவற்றின் வெளிப்புறத்தில் ஊறும் இனிப்புச் சாற்றுக்காக வருபவை. எறும்பு இல்லாவிட்டால் மொட்டு விரியாது என்பது தவறான நம்பிக்கை. அவற்றால் கெடுதலும் இல்லை, மருந்து அடிக்கத் தேவையில்லை. அஞ்ச வேண்டியது பொட்ரைடிஸ் என்ற பூஞ்சைக்குத்தான். ஈரமான வசந்தத்தில் இது இளந்தண்டை வாட்டும், மொட்டைக் கறுக்கச் செய்யும். பருவ இறுதியில் காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துவதே நோயைக் குறைக்கும் வழி.

கொய்மலர்ச் சந்தையிலும் பியோனிக்கு நல்ல மதிப்பு. பெரும்பாலான நாடுகளில் மே, ஜூனில் பூ முடிந்துவிடும். அலாஸ்காவில் வசந்தம் தாமதமாக வருவதால், அங்கே ஜூலைக்குப் பிறகும் பூக்கிறது. மற்ற இடங்களில் கிடைக்காத நாட்களில் அதற்கு விலை உண்டு. மொட்டு நிறம் காட்டி, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் பக்குவத்தில் பறிக்க வேண்டும். பறிக்கும்போது தண்டில் சில இலைகளையாவது செடியிலேயே விட்டுவைக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை வேருக்கு அனுப்புபவை அவைதான்.